தேன்குழலுக்கு நாலு, லீவுக்கு அஞ்சு: பள்ளத்தூர் ஆச்சி வீட்டுப் பலகாரம்

கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. பள்ளத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, "பலகார ஆச்சி வீடு எங்கிட்டு?" என்று யாரைக் கேட்டாலும் கையைக் காட்டுவார்கள். காலை பத்து மணிக்கு மேல் போனால் கேட்கவும் வேண்டாம், தெரு முனைக்கே எண்ணெய் காய்கிற வாசம் வந்து கூட்டிக்கொண்டு போய்விடும். பழைய செட்டியார் வீடு. முகப்பில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. எத்தனையோ வருசமாக எண்ணெய்க் காலோடு புழங்கிப் புழங்கி மெழுகு போட்ட மாதிரி மின்னும். வழுக்கும், பார்த்துப் போங்கள். வளவை, அதாவது நடு முற்றத்தை, தாண்டி இரண்டாங்கட்டில் அடுப்படி. விறகடுப்பு மூன்று, கேஸ் அடுப்பு இரண்டு. ஏழு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். ஆச்சிக்கு எழுபது வயது இருக்கும். முட்டிவலி, எழுந்து நடமாடுவது குறைவு. ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்தே எந்தச் சட்டியில் எண்ணெய் புகைகிறது என்று சொல்லிவிடுவார்.

நான் சாப்பாட்டைப் பற்றி எழுதுகிற ஆள் இல்லை. புதுவயல் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் இருபத்துநாலு வருசம் கணக்கு எழுதிவிட்டு 2016-இல் வீட்டுக்கு வந்தவன். ஆச்சி என்னைக் கூப்பிடுவதே "கணக்கப்பிள்ளை" என்றுதான். அதனால் இதில் பாதி பலகாரம், பாதி கணக்கு. பலகாரம் மட்டும் வேண்டும் என்கிறவர்கள் கடைசிக்குப் போய்விடலாம்.

2024 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை. மதுரையில் மீனாட்சிக்குத் திருக்கல்யாணம், எங்கள் வீட்டில் பேரனுக்குக் காது குத்து. பத்தாம் தேதி புதன்கிழமை போய் ஆர்டர் சொன்னேன். தேன்குழல் அஞ்சு கிலோ, சீப்புச் சீடை மூணு, மனகோலம் மூணு, அதிரசம் நூத்தம்பது, மாவுருண்டை நூறு. ஆச்சி நீளவாக்கு நோட்டில் எழுதிக்கொண்டே, "இருபதாம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து எடுத்துக்கிருங்க" என்றார்.

எனக்கு அது ஒத்துவரவில்லை. இருபதாம் தேதி சாயங்காலம் வீட்டில் உறவு ஜனமெல்லாம் வந்து இறங்கியிருக்கும். வருகிறவர்களுக்கு முதலில் தட்டில் வைக்கப் பலகாரம் வேண்டாமா? "பத்தொம்பது ராத்திரியே குடுத்துருங்க ஆச்சி" என்றேன்.

"பத்தொம்பது அடுப்புப் பத்தாது, கணக்கப்பிள்ளை. ஓட்டு."

"ஓட்டுத்தானே ஆச்சி? பூத்து இந்தா கூப்பிடு தூரத்துல இருக்கு. ரெண்டு ரெண்டு பேரா அனுப்புங்க. அரை மணி நேரத்துல போயிட்டு வந்துட்டா வேலை கெடாதுல்ல?"

அந்த வெள்ளிக்கிழமை நாடாளுமன்றத் தேர்தல். ஆச்சி பதில் சொல்லவில்லை. பேனாவை மூடினார். அடுப்படி நிலைக்கு மேலே ஒரு அட்டை தொங்கிக்கொண்டிருந்தது, பிஸ்கட் பெட்டியைப் பிரித்த அட்டை. அதைக் கண்ணாலேயே காட்டினார். பேரன் கையெழுத்தாக இருக்க வேண்டும், சாய்ந்து சாய்ந்து இருந்தது: "19-4-24 வெள்ளி. ஓட்டு. வேலை கிடையாது. கூலி உண்டு."

நான் அட்டையைப் படித்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. "ரெண்டு ரெண்டு பேரா அனுப்புங்க, அரை மணி நேரம் போதும்" என்றேனே, அது என் பேச்சே இல்லை. என் பழைய முதலாளி பேச்சு. எழுத்துக்கு எழுத்து அதேதான். இருபத்துமூணு வருசம் கழித்து என் வாயிலிருந்து வருகிறது.

2001 மே 10, வியாழக்கிழமை. சட்டமன்றத் தேர்தல். புழுங்கலரிசி மில்லு எப்படி ஓடும் என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: முந்தின நாள் நெல்லைத் தொட்டியில் ஊறப் போட வேண்டும், விடியலில் அவிக்க வேண்டும், அவித்ததைக் களத்தில் கொட்டி வெயிலில் காயப்போட வேண்டும். களத்து வேலை முழுக்கப் பெண்கள். மே மாத வெயிலில் சுடுகிற சிமெண்டுத் தரையில் வெறுங்காலால் நெல்லைக் கிண்டிக்கொண்டே நடப்பார்கள். கூலி மூட்டைக் கணக்கு. மழை பெய்தால் களம் இல்லை, களம் இல்லையென்றால் கூலி இல்லை. இந்த ஒற்றை வழக்கத்தை வைத்துக்கொண்டு எங்கள் முதலாளி எல்லா லீவையும் மழை லீவு மாதிரியே நடத்திவிட்டார்.

களத்தில் ஒரு அம்மா இருந்தார். மணமேல்குடி பக்கத்து ஊர், அதனால் மணமேல்குடிக்காரம்மா. ஓட்டு ஊரில்தான். ஒன்பதாம் தேதி சாயங்காலம் பஸ் ஏறிப் போய், பத்தாம் தேதி ஓட்டுப் போட்டுவிட்டு, பதினொன்றாம் தேதி மதியம்தான் திரும்பி வர முடிந்தது. சனிக்கிழமை கூலி வாங்க வந்தவர் என் மேசை முன்னால் நின்று, "தம்பி, ஓட்டுக்குக் கூலியோட லீவுன்னு ரேடியோவுல சொன்னாகளே, அது எங்களுக்கு இல்லையா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "அதெல்லாம் ஆபீஸ்காரங்களுக்குத்தான் ஆத்தா" என்றேன். அப்படியா என்றுகூடக் கேட்கவில்லை. ரேகை வைத்துவிட்டுப் போனார். அன்றைக்குக் களத்துக் கூலி சராசரி அம்பது ரூபாய். அவருக்கு நேராக, வரவில்லை என்று நான் போட்ட "ஆ" அந்த மஸ்டரில், வருகைப் பதிவேட்டில், இன்னும் இருக்கும், கரையான் விட்டுவைத்திருந்தால்.

உள்ளூரில் ஓட்டு இருந்தவர்களுக்கும் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. இரண்டு இரண்டு பேராகப் போனார்கள். வரிசை நீளமாக இருந்து ஒன்றரை மணி நேரம் ஆனவர்களுக்கு அரை நாள் பிடித்தம். பிடித்தம் போட்ட கையும் இந்தக் கைதான்.

சட்டம் என் கண்ணில் பட்டது 2009 நாடாளுமன்றத் தேர்தலின்போது. தொழிலாளர் துறைக் கடிதம் ஒன்று மில்லுக்கு வந்தது, அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லி. ஒட்டுவதற்கு முன்னால் படித்தேன். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 135பி. 1996-இல் சேர்த்திருக்கிறார்கள். மணமேல்குடிக்காரம்மா என்னிடம் கேட்டபோது அதற்கு அஞ்சு வயது ஆகியிருந்தது. வியாபாரமோ, தொழிலோ, ஆலையோ, வேறு எந்த நிறுவனமோ, எங்கே வேலை பார்த்தாலும் சரி. மக்களவைத் தேர்தல் அல்லது சட்டமன்றத் தேர்தலில் ஓட்டு இருக்கிற ஆளுக்கு வாக்குப்பதிவு அன்று லீவு விட வேண்டும். அந்த லீவுக்காகச் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. இதற்கு அடுத்த வரிதான் எங்கள் களத்துக்காகவே எழுதின மாதிரி இருந்தது. வேலைக்கு வராத நாளுக்கு வழக்கமாகக் கூலி கிடையாது என்ற பேச்சில் வேலை பார்க்கிற ஆளாக இருந்தாலும், லீவு விடாமல் இருந்தால் அன்றைக்கு என்ன சம்பாதித்திருப்பாரோ அதைக் கொடுக்க வேண்டும். தினக்கூலிக்கும் தற்காலிக ஆளுக்கும் உண்டு, ஓட்டு ஒரு தொகுதியில் வேலை ஒரு தொகுதியில் என்றாலும் உண்டு என்று தேர்தல் கமிஷனும் விளக்கம் சொல்லியிருக்கிறது.

ஒரு விலக்கும் இருக்கிறது. அந்த ஆள் வராவிட்டால் ஆபத்து, அல்லது அந்த வேலைக்குப் பெரிய நட்டம் என்றால் இந்தப் பிரிவு அவருக்குப் பொருந்தாது. முதலாளி அதை விரல் வைத்துக் காட்டி, "ஊற வச்ச நெல்லு நாறிப்போகும்ல, அது நட்டமில்லையா?" என்றார். நியாயம் மாதிரிதான் தெரியும். ஆனால் ஓட்டு எந்தத் தேதி என்று ஒரு மாதத்துக்கு முன்பே தெரியும்போது முந்தின நாள் நெல்லை ஏன் ஊறப் போட வேண்டும்? இதை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் 2016 வரை அங்கே இருந்திருக்க மாட்டேன்.

மீறினால் என்ன தண்டனை என்று கேட்பீர்கள். அபராதம், 500 ரூபாய் வரை. ஆச்சி கடையில் நான் வாங்கின தேன்குழல் கிலோ 400. ஒன்றேகால் கிலோ தேன்குழல் வாங்குகிற காசுக்கு ஒரு மில்லுக்காரர் சட்டத்தை மீறிவிட்டுப் போய்விடலாம். ஓட்டுக்கு முன்னால் டாஸ்மாக் மூடுவதும் இதே சட்டத்தில் அடுத்த பிரிவு, 135சி. இந்தத் தடவை ஏப்ரல் 17, 18, 19 மூன்று நாளும் கடை கிடையாது என்பது எங்கள் தெருவில் பத்து வயசுப் பையனுக்குக்கூடத் தெரிந்திருந்தது. அதற்கு முந்தின பிரிவைப் பற்றித்தான் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

ஆச்சி வீட்டுக்கு வருகிறேன்.

"இருபதாம் தேதியே எடுத்துக்கிறேன் ஆச்சி" என்று ரெண்டாயிரம் அட்வான்ஸ் கொடுத்தேன். கூலி உண்டு என்று அட்டையில் எழுதிவிட்டார். ஆனால் இவர்கள் எல்லாம் கிலோக் கணக்கு ஆட்களாயிற்றே, எப்படிப் போடுவார்? கணக்கப்பிள்ளை புத்தி, கேட்காமல் இருக்க முடியவில்லை. ஏழு பேரில் இரண்டு பேர் அடுப்படி, நாள் சம்பளம். மீதி அஞ்சு பேருக்கு, பிழிகிறவர்களுக்குக் கிலோவுக்கு இவ்வளவு, கைமுறுக்குச் சுற்றுகிறவர்களுக்கு எண்ணிக்கைக்கு இவ்வளவு. "அதுக்கு என்ன பெரிய கணக்கு? முந்தின ஆறு நாள் கூலியைக் கூட்டி ஆறால வகுத்தா வருது. அதைக் குடுத்துட்டுப் போறேன்" என்றார். சட்டத்தில் எப்படி வகுக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. என்ன வாங்கியிருப்பாரோ அது, அவ்வளவுதான். பல வருசமாக மில்லில் "மூட்டைக் கணக்குக்கு எப்படிப்பா லீவுக் கூலி போடுறது, முடியாதுல்ல" என்று பேசிக்கொண்டிருந்தோம். நாலாம் வகுப்புக் கணக்கு.

பஞ்சாயத்து எலெக்சன் வந்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டேன். 135பி உள்ளாட்சித் தேர்தலைப் பற்றிப் பேசவில்லை, மக்களவை, சட்டமன்றம் மட்டும்தான். ஆச்சிக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. "2022-ல பேரூராட்சி எலெக்சன் வந்துச்சுல்ல, அதுக்கும்தான் விட்டேன். அதுக்குத்தானே நம்ம ஊர்ல மண்டை உடையிது" என்றார்.

நடுவில் என் வீட்டிலேயே ஒரு கூத்து. மகள் சென்னையில் ஓஎம்ஆர் பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறாள், ஓட்டு இன்னும் புதுவயலில். அவளுக்கு ஆபீசிலிருந்து மெயில்: "காலையில் வாக்களித்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு லாகின் செய்யவும்." காரைக்குடியிலா லாகின் பண்ணுவது? கைப்பேசியில் எனக்கு அனுப்பிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பிரிவு எண்ணைப் போட்டு நாலு வரி எழுதிக் கொடுத்தேன், அவள் அதை இங்கிலீஷில் மாற்றி அனுப்பினாள். மறுநாள் பதில் வந்தது, லீவு எடுத்துக்கொள்ளலாம், சம்பளம் உண்டு என்று. அவளுக்கு மட்டும். கேட்காதவர்கள் எல்லாரும் பன்னிரண்டு மணிக்கு லாகின். வியாழக்கிழமை பல்லவன் ரயிலில் பிள்ளையோடு வந்து இறங்கினாள்.

பத்தொன்பது காலை ஏழு மணிக்கெல்லாம் நானும் மகளும் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுவிட்டோம். பத்து மணி வாக்கில் பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வேலையாகப் போனவன், ஆச்சி வீட்டுத் தெரு வழியாக வந்தேன். எண்ணெய் வாசம் இல்லாமல் அந்தத் தெரு வேறு தெரு மாதிரி இருந்தது. கதவு பாதி சாத்தியிருந்தது. திண்ணையில் ஆச்சி கை விசிறியோடு. எண்பத்தஞ்சு வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கு வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்குகிறார்களாமே, முட்டிவலிக்கு அப்படி ஏதும் இல்லையா என்று விசாரித்தார். பேரன் வண்டியில் கூட்டிப் போவதாக ஏற்பாடு.

பலகாரக்காரப் பெண்களில் மூன்று பேர் பூத்துக்குப் போய்விட்டு அந்த வழியாக வந்தார்கள். வெள்ளிக்கிழமை, தலைக்குக் குளித்துப் பூ வைத்து நல்ல சேலை. மாவு படியாத சேலையில் அவர்களை நான் பார்த்ததே இல்லை, அடையாளம் தெரிய ஒரு நிமிசம் ஆனது. அதில் ஒருத்தர் ஓட்டர் ஐடியைத் தொலைத்துவிட்டு ரேசன் கார்டைக் கொண்டுபோகப் பார்த்தாராம். ஆச்சிதான் முதல் நாளே, "ரேசன் கார்டு செல்லாது, ஆதாரை எடுத்துட்டுப் போ" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். ரொம்பச் சரி. பட்டியலில் பெயர் இருந்தால் ஆதார், படம் ஒட்டின பாங்குப் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை, டிரைவிங் லைசென்ஸ் எல்லாம் செல்லும். ரேசன் கார்டு அந்தப் பட்டியலில் இல்லை. பூத் சிலிப்பை மட்டும் கொண்டுபோனாலும் செல்லாது.

இன்னும் இரண்டு பேர் வெளியூர். ஒருத்தர் திருமயம் பக்கம். புதுக்கோட்டை மாவட்டம்தான், ஆனால் ஓட்டு எங்கள் சிவகங்கைத் தொகுதிக்கே. இன்னொருத்தர் அறந்தாங்கி பக்கம், அது ராமநாதபுரம் தொகுதி. மறுநாள் அவர் சொன்ன கதையைக் கேட்டு அடுப்படியே சிரித்தது. "மிசினுல பன்னீர்செல்வம்னு அஞ்சாறு பேரு வரிசையா இருக்காக அண்ணே. எங்க வீட்டு ஆம்பளைக்குத் தலை சுத்திப் போச்சு." முன்னாள் முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் அங்கே சுயேச்சையாகப் பலாப்பழச் சின்னத்தில் நின்றார். அதே இனிஷியலில், அதே பெயரில் வேறு பன்னீர்செல்வங்களும் வந்து நின்றுவிட்டார்கள். கூலி போகாமல் ஊருக்குப் போய் வந்த அலுப்பு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அலுப்பாகவே இல்லை, கல்யாணத்துக்குப் போய் வந்த மாதிரிதான் இருந்தது.

இருபது, சனிக்கிழமை. ஆறு மணிக்கு வரச் சொன்னதை நான் நாலரைக்கே போனேன். சாமான் கட்டவில்லை, உட்காருங்கள் என்றார்கள். இரண்டாங்கட்டு ஓரத்தில் மனைப்பலகையைப் போட்டு உட்கார்ந்தேன். எதிரே சீப்புச் சீடைக்கு மாவு. வெறும் அரிசி மாவு இல்லை. பொட்டுக்கடலை மாவு, உளுந்து மாவு சேர்த்துத் தேங்காய்ப் பாலைக் காய்ச்சி ஊற்றிப் பிசைந்தது. அச்சில் பிழிந்தால் பட்டையாக, மேலே சீப்புப் பல் மாதிரி கோடு கோடாக வரும். அதை விரல் நீளத்துக்கு நறுக்கி, இடது ஆள்காட்டி விரலில் சுற்றி, இரண்டு முனையையும் ஒட்டி உருவினால் ஒரு மோதிரம். அந்தப் பெண் பேசிக்கொண்டே செய்தார், விரலைப் பார்க்கவே இல்லை. நான் விரலைத்தான் பார்த்தேன். நகத்தின் மேலிருந்து முதல் மூட்டு வரை கறுப்பாக மை. வெள்ளை மாவு அதன் மேல் சுற்றுகிறது, உருவுகிறது, மறுபடி சுற்றுகிறது. தட்டில் விழுகிற சீடை பால் வெள்ளையாக இருக்கிறது.

"இது மாவுல ஒட்டாதா?" என்று கேட்டுவிட்டேன். ஏழு பேரும் சிரித்தார்கள். "நேத்து ராத்திரி சீயக்காய் போட்டுத் தேச்சும் போகலை. மாவுலயா ஒட்டப் போகுது?" என்றார். ஒட்டாதுதான். மைசூர் கம்பெனி மை, 1962-இலிருந்து தேர்தலுக்கு அவர்கள்தான் தயாரிக்கிறார்கள். அதில் இருக்கிற வெள்ளி நைட்ரேட் தோலோடு சேர்ந்துவிடும், தோலும் நகமும் வளர்ந்து உதிர்ந்தால்தான் போகும். இருந்தாலும் கையுறை போட்டுக்கொள்ளலாமே என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். கையுறை போட்டுச் சீப்புச் சீடை சுற்ற முடியாது என்பதை நேரில் பார்த்தவன் சொல்கிறேன்.

அன்றைக்குத்தான் கூலி நாளும். ஆச்சி நோட்டை என் பக்கம் தள்ளி, "நீங்களே பார்த்துச் சொல்லுங்க, சரியா இருக்கா?" என்றார். முதல் பெயருக்கு நேரே பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வரை, வருசப்பிறப்பு லீவு போக ஆறு நாள், மொத்தம் 2,940. பத்தொன்பதாம் தேதிக்கு 490. வகுத்தது சரி. ஆனால் ஒன்று கவனித்தேன். வருசப்பிறப்புக்கு முன்னும் பின்னும் ஆர்டர் குவிந்த வாரம் அது. சாதாரண வாரத்தில் அந்தப் பெண்ணுக்கு நாளுக்கு நானூறு, நானூத்திப் பத்துத்தான் வரும். ஒரு மாதச் சராசரி எடுத்திருந்தால் ஆச்சிக்கு ஆளுக்கு எழுபது, எண்பது ரூபாய் மிச்சம். மில்லாக இருந்தால் இதை நான்தான் முதல் ஆளாக எடுத்துச் சொல்லியிருப்பேன். "சரியா இருக்கு ஆச்சி" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

இனிப் பலகாரம்.

சீப்புச் சீடைக்கு மார்க் போட எனக்குத் தகுதி இல்லை. கிலோ 440 கொஞ்சம் அதிகம்தான், கொடுக்கலாம். வாயில் போட்டால் முதலில் கறுக், பிறகு தேங்காய்ப் பால், கடைசியில் உளுந்து. மதுரையிலிருந்து வந்த சம்பந்தி வீட்டார் டப்பாவோடு கேட்டு வாங்கிப் போனார்கள்.

அதிரசம் ஒன்று 12 ரூபாய். மாவை 16-ஆம் தேதியே பாகில் கிளறி ஜாடியில் போட்டு வேடு கட்டிவிட்டார்கள். மாவு ஊற ஊறத்தான் அதிரசம் அதிரசமாக வரும் என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஆக, ஓட்டு அன்றைக்கு ஆள் இல்லாத அடுப்படியில் மாவு தன் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. இருபதாம் தேதி காலை சுட்டது, புதன்கிழமை வரை ஓரம் விறைக்கவில்லை, நடு மெத்தென்று இருந்தது. எண்ணெயையும் நன்றாக அமுக்கி எடுத்திருந்தார்கள். அடியில் போட்ட பேப்பர் நனையவில்லை. நெல்லை ஊறப் போட்டுவிட்டு "நாறிப்போகும்" என்ற முதலாளியை அதிரசம் கடிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

தேன்குழல் பதினெட்டாம் தேதி பிழிந்தது. வெள்ளை வெளேரென்று, சிவக்காமல், பல் பட்டதும் உடைகிற பதம். குறை ஒன்று: இரண்டு டின்னில் ஒரு டின் உப்புக் கரித்தது. பதினெட்டு ராத்திரி அவசரத்தில் கடைசி ஈடுக்கு உப்புத் தண்ணீரை இரண்டு பேர் தனித்தனியாக ஊற்றியிருக்க வேண்டும். எனவே அஞ்சுக்கு நாலு.

மாவுருண்டை நன்றாக இருந்தது, நெய் தாராளம். உதிர்கிறது, சின்னப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் சட்டை முழுக்க மாவு.

மனகோலம்தான் சொதப்பல். வெல்லப் பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் போட்டால் டங்கென்று சத்தம் வர வேண்டும், அப்போதுதான் மனகோலம் பொலபொலவென்று தனித்தனியாக நிற்கும். இருபதாம் தேதி எல்லா வேலையும் ஒன்றாக வந்து விழுந்ததில் பாகைப் பதம் வருவதற்கு முன்னாலேயே இறக்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சித்திரை வெயிலில் டப்பாவைத் திறந்தால் மூணு கிலோவும் ஒரே கல். என் மனைவி குழவியைக் கொண்டுவந்துதான் உடைத்தாள். பேரன் அழுததற்குக் காது குத்தினது பாதிக் காரணம், அந்தச் சத்தம் பாதிக் காரணம். ருசியில் குறை சொல்ல முடியாது, தேங்காய்ப் பல் நெய்யில் வறுத்தது வாசமாகவே இருந்தது. ஆனால் கிலோ 420 கொடுத்துவிட்டு உடைத்துத் தின்ன வேண்டியதாகிவிட்டது. இரண்டு மார்க்.

மறுவாரம் போய்ச் சொன்னேன். ஆச்சி சாக்குச் சொல்லவில்லை. "லீவு விட்டா அடுத்த நாள் ரெண்டு ஆர்டரைக் குறைச்சிருக்கணும், ஆசைப்பட்டு எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேன். அடுத்த தடவை ஒரு கிலோ சும்மா போட்டுத் தாரேன்" என்றார். நான் பார்த்த அளவில் லீவைக் குறை சொல்லாமல் தன் ஆர்டர் நோட்டைக் குறை சொன்ன முதல் முதலாளி.

லீவு என்கிற சரக்குக்கு மட்டும் தனியாக அஞ்சுக்கு அஞ்சு போட்டிருக்கிறேன். பலகாரக் கடைக்கு இதில் என்ன மார்க் என்று கேட்பவர்கள், நாளைக்கு உங்கள் கடையிலோ ஆபீசிலோ "ரெண்டு மணி நேரம் பெர்மிஷன்" என்றால் இந்த எண்ணை எடுத்து நீட்டுங்கள், 135பி. அதற்கும் மசியாவிட்டால் தொழிலாளர் துறையில் மாவட்டத்துக்கு ஒரு உதவி ஆணையர் இருக்கிறார், அமலாக்கம் என்று போட்டிருக்கும். வாக்காளர் உதவிக்குப் போன் எண் 1950. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பெயர் இல்லாவிட்டால் லீவு வாங்கி என்ன செய்வது?

போகிறவர்களுக்கு: பத்து நாள் முன்னால் சொல்ல வேண்டும், கால் பங்கு அட்வான்ஸ். டப்பா நீங்களே கொண்டுபோனால் நல்லது, அவர்கள் தருகிற பிளாஸ்டிக் டப்பா மூடி சரியாகப் பொருந்துவதில்லை. போன் எடுக்க மாட்டார்கள். மொத்தம் எனக்கு 7,380 ஆனது, பில் கிடையாது, துண்டுச் சீட்டுத்தான். ஜிபே உண்டு, ஆனால் அந்தப் போன் ஆச்சியின் பேரனிடம் இருக்கும். காரைக்குடியில் காலேஜ் விட்டு அவன் வந்து சேர அஞ்சரை ஆகிவிடும், அதுவரை அந்த மனைப்பலகையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான், ரொக்கமாகவே கொண்டுபோய்விடுங்கள்.